பத்து விரல்களோடு வீடு வந்தேன்

சாகப் போகும் அளவுக்கு உடம்பு குளிர்ந்து கிடந்தபோது எனக்கு வெக்கையாக இருந்தது. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஜக்கெற்றின் சிப்பை நானே இழுத்துத் திறந்திருக்கிறேன். கழுத்துச் சால்வையைக் கழற்றி எறிந்திருக்கிறேன். டென்மார்க்குக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது, அதில் பெரும்பகுதி கிரின்ஸ்டெட் என்ற ஊரில். குளிர் எனக்குப் பழகிப்போன ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன தை மாதம் அந்த நினைப்பை மாற்றிவிட்டது. பட்டவள் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள், அதற்காகவே எழுதுகிறேன்.

என் பெயர் சாந்தி. பிறந்தது மட்டக்களப்பில். கணவர் யோகன் யாழ்ப்பாணத்தவர், இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் ஒரே மகள் நிலா ஓர்ஹூஸ் நகரத்தில் படிக்கிறாள். நான் நகரசபையின் வீட்டுப் பராமரிப்பில் இருக்கிறேன். தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிக்கவைப்பது, காலுறை போட்டுவிடுவது, மருந்து எடுத்துக் கொடுப்பதெல்லாம் என் வேலை. கார் இல்லாமல் இந்த வேலை நடக்காது. வீடுகள் வயல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும்.

அன்று காலையில் முதலில் போக வேண்டியது எல்ஸெயின் வீடு. தொண்ணூறை நெருங்கும் பெண்மணி. கணவர் போனபின் பண்ணை வீட்டில் தனியாக இருக்கிறார். இரவு முழுக்கக் கொட்டிய பனியைக் காற்று தூக்கி வீசிக்கொண்டிருந்தது. பெரிய வீதியைத் துப்புரவாக்கி இருந்தார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பும் சின்ன வீதிக்கு இயந்திரம் இன்னும் வரவில்லை. பொழுதும் விடியவில்லை. எல்ஸெயின் சமையலறை விளக்கு வயலுக்கு அப்பால் தெரிந்த நேரத்தில் கார் வழுக்கியது. பிரேக்கை அழுத்தினேனா இல்லையா என்பதுகூட ஞாபகம் இல்லை. காரின் மூக்கு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது.

எனக்கு ஓர் அடியும் படவில்லை. ஆனால் வாய்க்காலின் மேல் இருந்த பனிக்கட்டி உடைந்து, கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் ஏறியது. கைத்தொலைபேசி தாங்கியிலிருந்து தெறித்து அந்தத் தண்ணீருக்குள்தான் விழுந்திருந்தது. கையுறையோடு துழாவி எடுத்தேன். அதற்கு உயிர் இல்லை. எஞ்சினும் நின்றுவிட்டது. தண்ணீர் நிற்கும் காருக்குள் இருக்க முடியாது, விளக்கோ கிட்டத்தில் தெரிகிறது, நடந்துவிடலாம் என்று பின்கதவால் ஏறி வெளியே வந்தேன். கால்களில் முழங்கால் வரை வரும் நல்ல சப்பாத்து. கைகளில் நனைந்த கம்பளிக் கையுறை. எல்லாவற்றுக்கும் அந்தக் கையுறைதான் காரணமாயிற்று.

பாதி வயலில் பனிக்குக் கீழே ஒளிந்திருந்த உறைந்த மண்கட்டியில் கால் வழுக்கியது. கணுக்காலுக்குள் 'மடக்' என்று ஒரு சத்தம். எழும்ப முடியவில்லை. தவழ்ந்தேன். ஒவ்வொரு முறையும் கைகளைப் பனிக்குள் புதைத்துத்தான் உடம்பை இழுத்தேன். பல் கிட்டிக்கொண்டு உடம்பு முழுக்க நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. 'அப்பாடா, தப்பிவிட்டேன்' என்று நினைத்தேன். உண்மையில் அதுதான் மோசமான கட்டம். நடுங்குவது உடம்பு சூட்டை உண்டாக்கும் வழி. அது நின்றால் உடம்பு கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்குப்பிறகு தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் திடீரென்று விரிந்து, உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சச் சூடும் வெளியே ஓடும். அந்த நேரத்தில்தான் ஆளுக்கு வெக்கை தெரியுமாம், உடுப்பைக் கழற்றத் தோன்றுமாம். எனக்கு நித்திரையும் வந்தது. மெத்தையில் படுப்பதுபோல் பனியில் கன்னத்தை வைத்தேன்.

இனிச் சொல்லப்போவது பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது.

எல்ஸெ எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். "சாந்தி வரவில்லை" என்றார். பனியால் எல்லோருமே தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அங்கே பதில் வந்தது. "கொஞ்சம் பிந்தினாலும் அவள் அழைப்பாள். அழைக்கவில்லை என்றால் அழைக்க முடியாமல் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு, அயல் பண்ணைக்காரர் ஹென்ரிக்கின் எண்ணை அழுத்தினார். ஹென்ரிக் ட்ரக்டரில் தன் முற்றத்துப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். "அந்த வேலையை விடு. வீதியைப் போய்ப் பார். வாய்க்காலையும் பார்" என்று எல்ஸெ கட்டளை போட்டார்.

ஹென்ரிக் முதலில் காரைக் கண்டார், பிறகு நான் தவழ்ந்த தடத்தை. தடத்தின் முடிவில் நான். குப்புறக் கிடந்தேனாம், ஜக்கெற் திறந்தபடி. தூக்கிக்கொண்டு எல்ஸெயின் வீட்டுக்கு ஓடினார். எல்ஸெ அவசர எண்ணை அழைத்து, எதிர்முனைக் குரல் அறைக்கே கேட்கும்படி வைத்திருந்தார். ஹென்ரிக் பயத்தில் என் கைகளைத் தேய்க்கத் தொடங்கினார்.

"தேய்க்காதே!" என்று எல்ஸெ கத்தினார். "விடச் சொல்கிறார்கள்!"

ஹென்ரிக் அலுமாரியிலிருந்து சாராயப் போத்தலை எடுத்தார்.

"அதையும் வை! படுக்கவை அவளை. ஈர உடுப்பை வெட்டு. என் மெத்தைப் போர்வையை எடுத்துவா. மெதுவாக, முட்டை தூக்குவதுபோல!"

மெதுவாக என்றதற்குக் காரணம் உண்டு. அவ்வளவு குளிர்ந்த இதயத்தை ஓர் உலுக்கல்கூட நிறுத்திவிடும். உறைந்த தோலைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய பனித் துகள்கள் சதையைக் கிழிக்கும். சாராயம் சூடு தருவதுபோல் காட்டும், ஆனால் இருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். அம்புலன்ஸ் பனி தள்ளும் இயந்திரத்துக்குப் பின்னால் ஊர்ந்து வந்து சேரும்வரை, நான் குளிக்கவைக்கப் போன பெண்மணி தன் போர்வையால் என்னைச் சுற்றிவிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

கண் விழித்தபோது பெரிய வைத்தியசாலையில் இருந்தேன். என் மேல் காற்றடைத்த மெத்தைபோல் ஒரு போர்வை. அதற்குள் ஒரு குழாய் வழியாகச் சூடான காற்று வந்துகொண்டிருந்தது. கைநரம்பில் ஏறிய சேலைனையும் சூடாக்கியே கொடுத்தார்கள். கொண்டுவந்தபோது உடம்பின் உள்சூடு இருபத்தொன்பது பாகைக்குப் போயிருந்ததாம். முப்பத்தேழில் இருக்க வேண்டியது. இதயம் தாளம் தப்பித் துடித்தது. உடம்பு சூடாகச் சூடாக அது தானாகவே சரிக்கு வரும் என்று தாதி சொன்னாள், அப்படியே வந்தது. மெதுவாகத்தான் சூடாக்குவார்கள். நெஞ்சும் வயிறும் முதலில், கைகால் பிறகு. கைகாலை முந்திச் சூடாக்கினால் அங்கே தேங்கிய குளிர்ந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்பிவிடும்.

யோகன் வேலை உடுப்போடு, காது மூடி கழுத்தில் தொங்க, ஓடி வந்தார்.

"இஞ்சரும், என்னைத் தெரியுதே?"

"கார் வாய்க்காலுக்க கிடக்கு" என்றேன். வந்த முதல் சொல் அதுதான்.

"அது கிடக்கட்டும், நீர் கிடக்காமல் வந்தது போதும்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

உயிர் தப்பியாயிற்று. அதற்குப் பிறகுதான் எல்லோரும் என் கைகளைப் பார்த்தார்கள். இரண்டு கைகளும் மெழுகுபோல் வெளுத்து, தட்டினால் மரம்போல் இருந்தன. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். பிள்ளை பெற்ற வலி எனக்குத் தெரியும். இது அதைவிட மோசம். உறைந்த விரலுக்கு வலி இல்லை, உயிர் திரும்பும் விரலுக்குத்தான் வலி. "வலித்தால் நல்லது, சாந்தி, வலிக்கட்டும்" என்று தாதி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வலக்கையின் சின்ன விரலிலும் அதற்கு அடுத்த இரண்டு விரல்களிலும் மட்டும் வலி வரவில்லை.

அடுத்த நாள் விரல்கள் பொங்கிக் கொப்புளம் போட்டன. இடக்கையில் தெளிந்த நீர்க் கொப்புளங்கள். வலக்கையின் அந்த மூன்று விரல்களில் கருஞ்சிவப்பு. தெளிந்த நீர் என்றால் காயம் மேலோட்டம், இரத்தம் கலந்திருந்தால் ஆழம். ஒருவரும் சொல்லாமலே தாதியின் முகத்தில் அதை வாசித்தேன். இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்தொன்றைப் பல நாட்கள் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஏறும்போது முகம் சிவந்து தலை பிளக்கும். ஒருநாள் ஊசியில் கதிரியக்க மருந்து கொஞ்சம் ஏற்றி, கைகளைப் பெரிய கமராவுக்குக் கீழே வைத்துப் படம் எடுத்தார்கள். இரத்தம் போகும் இடம் ஒளிரும், போகாத இடம் இருட்டாக இருக்கும். படத்தில் ஏழு விரல் நுனிகளைக் காணோம் என்று யோகன் சொன்னார். பதற்றத்தில் ஒளிர்ந்த விரல்களை எண்ணிச் சொல்லியிருக்கிறார். காணாமல் போனவை அந்த மூன்றுதான்.

ஓர்ஹூஸிலிருந்து ரயிலேறி வந்திருந்த நிலா, சத்திரசிகிச்சை வைத்தியரைப் பார்த்து டேனிஷில் நேராகவே கேட்டாள். "அம்மாவின் விரல்களை வெட்டுவீர்களா?"

அந்த வைத்தியர் நரைத்த குட்டைத் தலைமுடியுள்ள பெண். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாளைக்கும் தெரியாது. குளிரில் பட்ட விரல் கறுக்கும். கறுத்ததெல்லாம் செத்தது இல்லை. அவசரப்பட்டு வெட்டினால் பிழைக்கக்கூடியதையும் வெட்டிவிடுவோம். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உன்னால் முடியுமா, சாந்தி?"

"முடியும்" என்றேன். அவர் போனதும் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மூன்று விரல் இல்லாத கையால் ஒருவரை எப்படிக் கட்டிலிலிருந்து தூக்குவது? எப்படிக் காலுறை போட்டுவிடுவது? என் வேலை, என் சம்பாத்தியம், நான் யார் என்பது எல்லாமே இந்தக் கைகளில்தான் இருந்தன.

யோகன் சைவம், நான் வேதம், கத்தோலிக்கம். இருபது வருடமாக அவரவர் சாமியை அவரவர் பார்த்துக்கொள்வோம். அந்த வாரம் மட்டும் அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "பிள்ளையாருக்கும் சொல்லியிருக்கிறன். உம்மட மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்திட்டு வந்தனான். ரெண்டு பேரில ஆர் செய்தாலும் எனக்குச் சம்மதம்."

இரண்டு கைகளும் பஞ்சும் துணியுமாகக் கட்டுப்போட்டு, குத்துச்சண்டைக்காரியைப்போல் கிடந்தேன். மூக்குக் கடித்தால் சொறிய ஆள் வேண்டும். நிலா பக்கத்தில் இருந்து படிப்பாள். "நிலா, மூக்கு" என்பேன். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொறிவாள். "இன்னும் மேல. இல்லை, இடப்பக்கம்." டேனிஷில் ஏதோ முணுமுணுப்பாள், ஆனால் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பாள். என் தலையை வாரி அவள் பின்னிய பின்னல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. அவிழ்க்க மனம் வராமல் இரண்டு நாள் அப்படியே இருந்தேன்.

வைத்தியசாலைச் சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது, ஆனால் வேகவைத்த உருளைக்கிழங்கை எத்தனை நாள் பார்ப்பது? முட்டைகூடப் பொரிக்கத் தெரியாத யோகன், நிலா என் காதில் பிடித்த தொலைபேசியில் என்னிடமே கேட்டுக் கேட்டுப் பருப்பு வைத்தார். சூடு ஆறாத போத்தலில் சோறும் பருப்பும் கொண்டுவந்து, கை கழுவி, குழைத்து உருட்டினார்.

"ஆ காட்டும்."

"இவ்வளவு பெரிய உருண்டையா? நான் என்ன யானையே?"

"கதையாமல் திறவும். ஆறப்போகுது."

பருப்பில் உப்பு இல்லை. சொல்லவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன். கதவடியில் நின்று பார்த்த தாதி, கையால் ஊட்டுவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்டாளாம். "என் கணவனுக்கும் இதைப் பழக்கிவிட முடியுமா?" என்று கேட்டாள். யோகனின் காது சிவந்துபோனது.

கணுக்காலில் கடினமான சப்பாத்து ஒன்றைப் பூட்டி, கைகளில் கட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று விரல்களும் கறுத்துக்கொண்டே போயின. மாசியில் அவை நெருப்பில் வாட்டிய மரக்கறிபோல் சுருங்கி, கடினமாகி, பார்க்கச் சகிக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் என் முன்னாலேயே யோகனிடம், "ஏன் வச்சுக்கொண்டிருக்கிறியள்? எடுத்துவிட்டால் நோகாதே" என்றார். "வைத்தியர் பொறுக்கச் சொல்லியிருக்கிறா. நாங்கள் பொறுப்பம்" என்று யோகன் சொன்ன தொனியில் அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

பங்குனியில் ஒரு நாள். வைத்தியசாலையில் கட்டு மாற்றப் போயிருந்தோம். சத்திரசிகிச்சை வைத்தியரே வந்தார். நடுவிரலைச் சுற்றி, கறுப்புக்கும் நல்ல தோலுக்கும் இடையில் ஒரு வெடிப்பு இருந்தது. இடுக்கியால் அதன் ஓரத்தை மெல்லத் தூக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சாந்தி, பார்" என்றார்.

கறுப்பு முழுவதும் ஓர் உறைபோல, கையுறையின் ஒற்றை விரல்போலக் கழன்று வந்தது. உள்ளே பிறந்த பிள்ளையின் விரல்போல் இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒரு விரல் இருந்தது. நகம் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய பளபளப்பு. வைத்தியர் ஊசி முனையால் தொட்டார். "ஆ!" என்று கத்தினேன்.

"அருமை!" என்று அவரும் கத்தினார். அந்த நரைத்த தலை வைத்தியர் எழுந்து நின்று கை தட்டினார். அடுத்த அறையிலிருந்து தாதி என்ன நடந்தது என்று ஓடி வந்தாள். யோகன், "ஓம்… ஓம்… ஓம்…" என்று தமிழே தெரியாத தாதியிடம் தமிழிலேயே ஆமோதித்துக்கொண்டு நின்றார்.

மோதிர விரலும் அந்த மாதமே உறை கழற்றியது. சின்ன விரல் கடைசி. அதன் நுனியில் நெல்மணி அளவு போய்விட்டது, நகம் கோணலாக முளைக்கிறது. அதை ஒரு குறையாக நான் கணக்கில் எடுப்பதில்லை. கத்தி படாமல் பத்தும் என்னோடு வந்தன.

கைப்பயிற்சி சிகிச்சை கோடை வரை நீண்டது. உடுப்புக் காயப்போடும் கிளிப்பை அழுத்தித் திறப்பது, பிசின்போன்ற மாவை உருட்டுவது, பித்தான் போடுவது. முதல் நாள் ஒரு பித்தானோடு போராடி அழுதேன். ஆனி மாதம் நிலாவின் பிறந்தநாளுக்கு இறால் உரித்தேன், ஒரு சட்டி நிறைய. "அம்மா, போதும், கை நோகும்" என்று அவள் டேனிஷில் சத்தம்போட்டாள். நோகத்தான் செய்தது. உரித்து முடித்தேன்.

இப்போது என்னைப் பார்க்க வரும் ஒருவரையும் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை: கம்பளிக் கையுறை ஈரமானால் அது கையுறை இல்லை, உடனே கழற்றிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். விரல்களெல்லாம் ஒன்றாக இருக்கும் பை மாதிரிக் கையுறைதான் நல்லது, ஒன்றையொன்று சூடாக்கும். கைத்தொலைபேசியை உட்பையில், நெஞ்சோடு வையுங்கள். காரில் போர்வையும் மண்வெட்டியும் மாற்றுக் கையுறையும் கிடக்கட்டும். கார் காய்ந்திருந்தால் அதைவிட்டு இறங்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டால் புகைக்குழாயைப் பனி மூடாமல் பாருங்கள், அந்தப் புகையில் உள்ள மணமில்லாத வாயு ஆளைக் கொல்லும். எந்த வழியால் போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். பனியில் விறைத்த ஒருவர் நடுங்குவதை நிறுத்தினால் சந்தோஷப்படாதீர்கள், அவசர எண்ணை அழையுங்கள்.

இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி சென்ற வாரம் கொட்டியது. அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். "எல்ஸெயின் வீட்டுக்கு இன்று வேறு ஆளை அனுப்பவா?" என்று கனிவாகத்தான் கேட்டார்கள். யோகன் தேநீர்க் கோப்பையோடு என்னைப் பார்த்தார்.

"நான் போறன்" என்றேன், இரண்டு பேருக்கும்.

கார் வழுக்கிய இடத்தில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. நத்தைபோல் ஓட்டினேன். வாய்க்காலைத் திரும்பியும் பார்க்கவில்லை. பனிக்குளிரில் விரல்கள் இப்போது மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் குத்தும், அதனால் இரண்டு சோடி போட்டிருந்தேன். எல்ஸெயின் வீட்டில் அவற்றைக் கழற்றி வைத்து, வெந்நீரில் கை நனைத்து, சவர்க்காரம் போட்டு, குளிக்கும் கதிரையில் உட்கார்ந்திருந்த அவருடைய முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தேன்.

எல்ஸெ தோளைத் தளர்த்தி, கண்ணை மூடினார்.

"உன் கைகள் எவ்வளவு சூடாக இருக்கின்றன" என்றார்.

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது.